மாதிரி நாற்பத்தொன்று

ஆண், இருபத்தொன்பது.
வலது கணுக்காலில் புண். கிரானைட் குவாரி.
லேபிளில் அவ்வளவுதான்.
பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தொன்று.

இன்குபேட்டருக்குள் முப்பத்தேழு டிகிரி.
வெளியே கிருஷ்ணகிரியில் நாற்பது.
"மே மாசத்துல இந்த ஊர்ல
கிருமிக்கு மட்டுந்தான்டி ஏசி" என்கிறாள் ஃபர்சானா.

இரண்டாம் வருஷம் முடிந்த லீவு.
கூடப் படித்தவர்கள் ஓசூர்க் கம்பெனிகளுக்கு வேன் ஏறிவிட்டார்கள்.
நாங்கள் இருவரும்
சீழிலிருந்து வந்த ஊதாத் திராட்சைக் குலைகளை
லென்சுக்கடியில் தேடிக்கொண்டிருக்கிறோம்.
மாதம் இரண்டாயிரம். இன்னும் வரவில்லை.

கேள்வி சின்னது.
டெட்ராசைக்ளின் போட்டால் இது புரதம் செய்வதை நிறுத்துமா?
அரை மணிக்கு ஒருமுறை துளி எடுத்து
உடைத்து, பழுப்புச் சாயத்தில் விடவேண்டும்.
புரதம் கூடினால் நீலம் கூடும்.
ஒரு நிறம் ஏறக்கூடாதென்று
அதுவரை நான் எந்தச் சாமியையும் கேட்டதில்லை.

அம்மாவுக்கு சீசன் வேலை,
காவேரிப்பட்டணம் ரோட்டு மாங்கூழ் ஆலையில்.
அவளுக்கும் கையுறை உண்டு.
பெங்களூரா வாசனையோடு பதினோரு மணிக்கு வந்து
சோற்றில் கைவைத்தபடி கேட்டாள்:
"அங்க என்னதான் செய்யறீங்க?"

ரைபோசோமை எப்படிச் சொல்ல?
உங்க பெல்ட் மாதிரிதாம்மா.
மூன்று மூன்று எழுத்தாக ஒரு சீட்டு ஓடிவரும்.
அதைப் படித்துப் படித்து ஒவ்வொரு மணியாகக் கோக்கும்.
மருந்து போய் நடுவில் உட்கார்ந்துகொள்ளும்.

"கொட்டை மாட்டிக்கிட்ட மாதிரி."
அதேதான்.
"பெல்ட் நின்னா எங்கள சூப்பர்வைசர் திட்டுவான்.
உனக்கு நின்னாத்தான் மார்க்கா?"

பத்தொன்பதாம் தேதி, இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது.
ஷேக்கர் நின்றது.
ஜெனரேட்டரில் டீசல் இல்லையென்று
திம்மராயன் அண்ணன் காலிக் கேனைத் தட்டிக் காட்டினார்.
காற்றில்லாமல் கிருமி சோர்ந்துவிடும்.
அப்புறம் நிறுத்தியது மருந்தா மின்வாரியமா
யார் சொல்வது?

ஆளுக்கு இரண்டு குடுவை.
ஐம்பது நிமிடம் கையாலேயே ஆட்டினோம்.
வியர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றது,
துடைக்கக் கூடாது.
பைபாஸில் மாங்காய் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஹாரன்.
"ஒருத்தன் கால அழுக வெச்சத
செத்துடாதேன்னு ஆட்டிக்கிட்டிருக்கோம் பாரு" என்றாள்.
சிரிப்பு வந்தது.
குடுவைகள் நிற்கவில்லை.

நீலம்.
மருந்தை இரட்டித்தோம், நீலம்.
வெள்ளிக்கிழமை முதலிலிருந்து மறுபடியும் செய்தோம்.
பன்னிரண்டாம் மாதிரி சொன்னபடி கேட்டு
பழுப்பிலேயே நின்றது.
நாற்பத்தொன்று மட்டும்
பேனா மசியைக் கொட்டியதுபோல்.

சில கிருமிகளிடம் இதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறதாம்.
மருந்து உட்கார்ந்த இடத்துக்கு வரும்,
கடப்பாரை போட்டு நெம்பும்,
பெயர்த்துத் தள்ளிவிட்டுப் போகும்.
பெல்ட் மறுபடி ஓடும்.

கல் பெயர்க்கிறவன் காலிலிருந்து வந்தது
கல் பெயர்க்கத் தெரிந்து வந்திருக்கிறது,
என்று நோட்டில் எழுதினேன்.
எழுதி, அடித்தேன்.
'வளர்ச்சி தடைபடவில்லை' என்பதுதான் அறிக்கையில்.
"நல்ல ரிசல்ட்" என்றார் மேடம். போஸ்டருக்கு ஆகும்.

அவருக்கு என்ன மருந்து கொடுத்தார்கள்?
கேட்கக் கூடாது. எண்ணுக்குப் பின்னால் போகக் கூடாதென்று
முதல் நாளே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.
தட்டுகளையெல்லாம் ஆட்டோகிளேவில் அடுக்கி
நூற்றிருபத்தொன்றில் வேகவைத்துவிட்டுக் கிளம்பினேன்.
இப்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில்
முகம் பார்ப்பதில்லை நான்.
படியேறும் வலது கால்களைப் பார்க்கிறேன்.

வீட்டில் அம்மா கேட்டாள்,
"நின்னுச்சா?"
நிக்கலம்மா.
"அப்பாடா" என்று
அடுத்த தோசையை ஊற்றினாள்.